அடிமைத்தன வீட்டின் படங்கள்: எர்னஸ்ட் கோலும் தென்னாப்பிரிக்காவின் கறுப்புப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களும்

எர்னஸ்ட் கோல் 1960-களில் தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்களில் புகழ்பெற்ற முகங்கள் அநேகமாக இல்லை. ரயிலுக்குக் காத்து நிற்பவர்கள், சுரங்கத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர்கள், பாஸ் இல்லாமல் பிடிபட்டுக் கைவிலங்கோடு போகிறவர்கள், வெள்ளையர் வீட்டு அடுக்களையில் வேலை பார்க்கும் பெண்கள், பெஞ்சு இல்லாத வகுப்பில் தரையில் குந்தியிருக்கும் பிள்ளைகள் என்று அன்றாட மனிதர்களே அவற்றில் இருக்கிறார்கள். அவர் இப்படங்களை எடுத்த காலம் ஒரு பத்தாண்டுக்கும் குறைவு. 1967-இல் நியூயார்க்கின் ரேண்டம் ஹவுஸ் நிறுவனம் இவற்றை ‘ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்’, அதாவது அடிமைத்தன வீடு, என்ற தலைப்பில் வெளியிட்டது. தலைப்பு விவிலியத்தின் யாத்திராகமத்திலிருந்து வந்தது. இனவொதுக்கல் ஆட்சியில் கறுப்பர் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை, அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவரே இவ்வளவு விரிவாகப் படமெடுத்து உலகின் முன் வைத்த புத்தகம் அதற்கு முன் வரவில்லை.

கோல் 1940 மார்ச் 21 அன்று பிரிட்டோரியாவை ஒட்டிய ஈர்ஸ்டரஸ்ட் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எர்னஸ்ட் லெவி ட்சோலோஆனே கோலே. தந்தை தையல்காரர். தாய் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துச் சம்பாதித்தவர். கறுப்பர்கள் தங்கள் பெயரிலேயே மனை வாங்கி வீடு கட்டியிருந்த ஊர் ஈர்ஸ்டரஸ்ட். 1948 தேர்தலில் வென்ற தேசியக் கட்சிக்கு இது பொறுக்கவில்லை. வெள்ளையர் பகுதிகளுக்கு நடுவே கறுப்பர் சொந்தம் கொண்டாடிய இத்தகைய நிலங்களை அரசு ‘கரும்புள்ளிகள்’ என்று அழைத்தது, ஒவ்வொன்றாக அழித்தது. 1960-களின் தொடக்கத்தில் கோலின் குடும்பமும் வீட்டை இழந்து, மாமெலோடி என்ற அரசுக் குடியிருப்பில் வரிசை வீடுகளில் ஒன்றுக்குப் போனது. சொந்த ஊர் இடிக்கப்படுவதையும் அவர் படமெடுத்தார். ஈர்ஸ்டரஸ்ட் பின்னர் ‘கலப்பினத்தவர்’ என்று அரசு வகைப்படுத்தியவர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இந்த வகைப்படுத்தல்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஏதாவது ஓர் இனப் பெட்டியில் அடைத்தது. எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்த வாசல் வழியாக அஞ்சலகத்துக்குள் நுழையலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமைந்தன. கறுப்பர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. 1952-இல் வந்த சட்டம், பழைய அனுமதிச் சீட்டுகளை ஒழிப்பதாகப் பெயர் வைத்துக்கொண்டு, 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கறுப்பரும் ஒரே ஒரு பாஸ் புத்தகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. புகைப்படம், இனக்குழு, வரி கட்டிய விவரம், முதலாளி மாதாமாதம் போடும் கையெழுத்து எல்லாம் அதற்குள் இருந்தன. உரிய முத்திரை இல்லாதவர் ஒரு நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டு வருவதும் குற்றமே. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் இதற்காகவே கைதானார்கள். மக்கள் அதை ‘டோம்பாஸ்’, முட்டாள் பாஸ், என்று வைதார்கள்.

பதிவுச் சீட்டால் ஆளை அடக்கும் பழக்கம் அந்த நாட்டில் தமிழர்களுக்கும் தெரிந்ததுதான். 1907-இல் டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் எல்லோரும் கைரேகை பதித்துப் பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹானஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி முன்பு காந்தியின் தலைமையில் அந்தச் சீட்டுகள் கொளுத்தப்பட்டன. அந்தச் சத்தியாக்கிரகத்தில் தமிழர்கள் ஏராளமாகச் சிறை சென்றார்கள். கறுப்பர்கள் மீதான பாஸ் சட்டம் அதைவிட நீண்டகாலம், 1986 வரை நீடித்தது.

கோல் பள்ளியில் இருந்தபோது பாண்டு கல்விச் சட்டம் வந்தது. 1953-இல் இயற்றப்பட்ட அதன் நோக்கத்தை அமைச்சர் வெர்வூர்ட் மறைக்கவில்லை. கறுப்புப் பிள்ளைகளுக்கு உடலுழைப்பு வேலைகளுக்குத் தேவையான அளவு படிப்பு போதும் என்பதே அது. 1957-இல் கோல் பள்ளியை விட்டு விலகினார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் உல்ஸி ஹால் நடத்திய அஞ்சல் வழிக் கல்வியில் படிப்பைத் தொடர்ந்தார். புகைப்படக் கலையையும் அவர் நியூயார்க் நிறுவனம் ஒன்றின் அஞ்சல் பாடங்கள் வழியாகவே கற்றார். தபால்காரரைத் தவிர வேறு ஆசிரியர் இல்லாமல் ஒருவர் இவ்வளவு தூரம் வந்தார் என்பது கதை போலத் தோன்றும். ஆனால் உண்மையான பயிற்சி அவருக்குக் கிடைத்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில்.

‘டிரம்’ என்ற அந்த மாத இதழ் 1951-இல் ‘ஆஃப்ரிக்கன் டிரம்’ என்ற பெயரில் தொடங்கியது. முதலில் கிராமியக் கதைகளும் இனக்குழு வழக்கங்களும் அதில் வந்தன. நகரத்துக் கறுப்பர்கள் அதைச் சீந்தவில்லை. உரிமையாளர் ஜிம் பெய்லி, ஆசிரியர் ஆன்டனி சாம்சன் ஆகியோர் காலத்தில் இதழ் ஜோஹானஸ்பர்க்குக்கு மாறி, ஜாஸ், குத்துச்சண்டை, அழகிகள், ரவுடிக் கும்பல்கள், அரசியல் என்று நகர வாழ்க்கையின் பக்கம் திரும்பியது. பின்னர் அதன் பதிப்புகள் கானா, நைஜீரியா, கிழக்கு ஆஃப்ரிக்கா வரை பரவின. அக்ராவில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜேம்ஸ் பார்னர் 1959-இல் லண்டனுக்குப் போய், அங்கே குடியேறிய ஆஃப்ரிக்கர்களை 1960-களில் டிரம் அட்டைகளுக்காகப் படமெடுத்தார். ஆக, ஆஃப்ரிக்கர்களும் புலம்பெயர்ந்த ஆஃப்ரிக்கர்களும் ஒரே இதழில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வழி பிறந்தது. இந்த அளவுக்கு வேறெந்த இதழும் அன்று எட்டவில்லை.

டிரம்மின் புகைப்படப் பிரிவைக் கட்டியெழுப்பியவர் யூர்கன் ஷாடபெர்க் என்ற ஜெர்மானியர். அவருடைய இருட்டறையில் பயின்றவர்களே அடுத்த தலைமுறையின் கறுப்புப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள்: பாப் கோசானி, பீட்டர் மகுபானே, ஆல்ஃப் குமாலோ. டர்பன் பக்கத்தில் ஜி.ஆர். நாயுடுவும் ரஞ்சித் காலியும் டிரம்முக்குப் படமெடுத்தார்கள். இருவரும் நாட்டால் மாகாணத்தின் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து வளர்ந்த அச்சமூகத்தில் தமிழர் பெருந்தொகையினர். காலி ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே கேமராவைக் கற்றுக்கொண்டவர்.

இந்தத் தொழில் அன்று எப்படி நடந்தது என்பதை 1954-இல் வந்த ஒரு கட்டுரை காட்டும். சிறைகளில் கறுப்புக் கைதிகள் படும் பாட்டை எழுத நினைத்த டிரம் நிருபர் ஹென்றி நுமாலோ, வேண்டுமென்றே பாஸ் இல்லாமல் திரிந்து கைதாகி உள்ளே போனார். கைதிகள் எதையும் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க அவர்களை அம்மணமாக்கித் துள்ளி ஆடச் சொல்லும் ‘டாவுசா’ என்ற சோதனை சிறையில் நடந்தது. பாப் கோசானி பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து அதைத் தொலைவு லென்சில் படம்பிடித்தார். படம் வெளியானதும் பெரும் கூச்சல் எழுந்தது. அரசின் பதில் 1959-இன் சிறைச் சட்டம். அதன்படி அனுமதி இல்லாமல் சிறையையோ கைதிகளையோ படமெடுத்து வெளியிடுவது குற்றமானது. கேமராவை மறைப்பது தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. மகுபானே ஒரு ரொட்டியின் உள்ளே குடைந்து கேமராவை வைத்துக்கொண்டு போனார். அவர் பின்னர் 586 நாட்கள் தனிமைச் சிறையில் இருந்தார்.

1958-இல் ஷாடபெர்க்கிடம் வேலை கேட்டு வந்த கோலுக்கு வயது 18. உதவியாளராகச் சேர்ந்தார். சில காலம் ‘பாண்டு வேர்ல்டு’ நாளிதழிலும் பணியாற்றினார். பிறகு எந்த இதழிலும் சம்பளத்துக்கு இல்லாமல், படத்துக்குக் கூலி வாங்கும் தனிப் புகைப்படக்காரராக மாறினார். ஜோஹானஸ்பர்க்கின் ‘ராண்ட் டெய்லி மெயில்’ அவர் படங்களை வெளியிட்டது. கறுப்பர் ஒருவர் அன்று இப்படித் தனித்து இயங்குவது அபாயமான காரியம். பாஸ் புத்தகத்தில் மாதாமாதம் கையெழுத்துப் போட முதலாளி என்று ஒருவர் இல்லாவிட்டால் நகரத்தில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

1959 அளவில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோனின் மாஸ்கோ மக்களைப் பற்றிய புத்தகம் கோலின் கைக்கு வந்தது. கோல் அடைந்த தெளிவு அதிலிருந்து தொடங்குகிறது. நாளிதழுக்கு ஒரு செய்தி, ஒரு படம் போதும். மறுநாள் அது பழசு. ஒரு நாட்டின் சாதாரண மனிதர்களைத் தெருவிலும் கடையிலும் வேலையிடத்திலும் பின்தொடர்ந்து, படங்களை ஒன்றோடொன்று கோத்தால் அது ஒரு வாதமாகிறது. பத்திரிகைகள் கேட்ட வேலையைச் செய்தபடியே அவர் தனக்கென்று ஒரு புத்தகத்தைச் சேர்க்கத் தொடங்கினார்.

அந்தத் தெளிவு எவ்வளவு அரிது என்பதை அதே ஆண்டுகளின் செய்திகளோடு வைத்துப் பார்த்தால் புரியும். 1960 மார்ச் 21, கோலின் இருபதாவது பிறந்தநாள். ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். டிரம்மின் ஐயன் பெர்ரி எடுத்த படங்கள் உலகைச் சுற்றின. கோலின் கேமரா அந்த ஒரு நாளைத் துரத்தவில்லை. ஷார்ப்வில்லுக்கு முந்தைய நாளும் மறுநாளும் அதே பாஸ், அதே ரயில், அதே வரிசை என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையைத்தான் அவர் தன் பொருளாக எடுத்துக்கொண்டார்.

வேலையைத் தொடர வேண்டுமானால் முதலில் தன்னுடைய இனப் பெட்டியை மாற்றியாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கோலே என்ற பெயர் ‘கோல்’ ஆயிற்று. கலப்பினத்தவர் பேசும் ஆஃப்ரிக்கான்ஸ் மொழி அவருக்கு நன்றாக வரும். இன வகைப்பாட்டு வாரியத்தின் முன் நின்று, தான் கறுப்பர் அல்ல, கலப்பினத்தவர் என்று நிறுவினார். வாரியங்கள் அன்று கடைப்பிடித்த சோதனைகளில் ஒன்று பென்சில் சோதனை. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகுவார்கள். அது விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். இந்த அபத்தத்தை ஏமாற்றி வென்றதால் கோலுக்குப் பாஸ் புத்தகத் தொல்லை நீங்கியது. நகரத்தில் நடமாடவும் பின்னாளில் பாஸ்போர்ட் வாங்கவும் இந்த ஒரு காகிதமே உதவியது. சட்டப்படி பார்த்தால், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஒரு இனம், அவர் வேறு இனம் என்றாகிவிட்டது.

புத்தகத்தின் சுரங்க அத்தியாயத்தில் உள்ள ஒரு படம் இன்று எல்லோருக்கும் தெரியும். தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கும் இடம். ஒரு வரிசை ஆண்கள் அம்மணமாக, நமக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக் கைகளை மேலே தூக்கியபடி நிற்கிறார்கள். மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. ஒருவர் முகமும் தெரியவில்லை. கைகளை உயர்த்தி நிற்கும் அந்த நிலை சரணடைந்த போர்வீரர்களுடையது. ஆனால் இவர்கள் வேலைக்கு விண்ணப்பித்து வந்தவர்கள். சுரங்கத்தின் உள்ளே கோல் தன் கேமராவைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனார். சட்டென்று எடுத்து, ஒன்றிரண்டு தடவை அழுத்தி, மறுபடி மறைத்துவிட வேண்டிய அவசரம். அப்படியிருந்தும் படத்தில் தடுமாற்றம் இல்லை; சுவரும் உடல்களும் சரியான இடத்தில் நிற்கின்றன. அவருடைய கையின் திறமைக்கு இந்த ஒரு சட்டகமே போதுமான சாட்சி.

இந்தப் படத்தைத் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டினால் அவமானத்தின் படமாக மட்டும் நின்றுவிடும். புத்தகத்தில் அதற்கு முன்னும் பின்னும் மற்ற படங்கள் வருகின்றன: தொலைவு ஊர்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் கந்தல் மூட்டையோடு வந்து இறங்குபவர்கள், ஒப்பந்தத்துக்குப் பெருவிரல் ரேகை வைப்பவர்கள், காம்பவுண்டு என்ற ஆண்கள் மட்டுமே தங்கும் கொட்டடியின் கான்கிரீட் படுக்கைகளில் உறங்குபவர்கள். பார்த்துக்கொண்டே வந்தால், ஒரு மனிதனை ஊரிலிருந்து பிரித்து, எண்ணாக்கி, பூமிக்கடியில் அனுப்பும் இயந்திரம் முழுவதும் கண்முன் வருகிறது. கோலின் உண்மையான சாதனை இந்தக் கோவைதான் என்று சொல்ல வேண்டும். தனிப் படங்களில் அவரைவிடக் கவர்ச்சியாக எடுத்தவர்கள் உண்டு.

ரயில் அத்தியாயமும் அப்படித்தான். வேலையிடத்துக்கு அருகே குடியிருக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் தினமும் தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். கறுப்பர்களின் ரயில் எங்கே போகிறது என்று எழுதிய பலகையும் கிடையாது, அறிவிப்பும் கிடையாது. பெட்டிக்குள் இடமில்லாதவர்கள் கதவிலும் இணைப்பிலும் தொங்குகிறார்கள். உள்ளே போன கோல், தலைகளுக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடித்தும், தோள்களுக்கு இடையே நுழைத்தும் எடுத்திருக்கிறார். அவர் எட்ட நின்று பார்த்தவர் அல்ல என்பது இப்படங்களில் வெளிப்படை. நெரிசலில் அவரும் நசுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

பள்ளி அத்தியாயத்தில் ஒரு சிறுவன் இருக்கிறான். நெரிசலான வகுப்பில் தரையில் குந்தியிருக்கிறான். முகமெல்லாம் வியர்வை. பாடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணை இமைக்காமல் எங்கோ மேலே பார்க்கிறான். கரும்பலகை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பாண்டு கல்வியை மறுத்துப் பள்ளியை விட்ட ஒருவர் இந்தப் பிள்ளையின் படிப்பு ஆர்வத்தை இவ்வளவு நெருங்கிப் பதிவு செய்திருக்கிறார். வேறு பக்கங்களில் வெள்ளையர் தெருவில் காசு கேட்டு ஓடிவரும் சிறுவர்களும், அதற்காக அறை வாங்குபவனும் வருகிறார்கள்.

வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றிய பகுதியில் கோபத்தோடு வேறொன்றும் கலந்திருக்கிறது. வெள்ளைக் குழந்தையைத் தன் பிள்ளைபோல் அணைத்திருக்கும் பணிப்பெண்ணின் படம் மென்மையானது. அதை அடுத்து, அந்தப் பெண்கள் கொல்லைப்புறத்தில் குடியிருக்கும் சிறிய அறை வருகிறது. அவர்கள் பெற்ற பிள்ளைகள் எங்கோ பாட்டியிடம் வளர்கிறார்கள். ‘ஐரோப்பியருக்கு மட்டும்’ என்று எழுதிய பெஞ்சில் வெள்ளை மூதாட்டி உட்கார்ந்திருக்கும் படத்தில் வசை ஏதும் இல்லை; அந்த அம்மையாருக்கு அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை என்பதே படத்தின் செய்தி. ஷெபீன் எனப்படும் கள்ளச்சாராய வீடுகள், ஆற்று ஞானஸ்நானம், கறுப்பர்களிலேயே வசதியான நடுத்தர வர்க்கம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. நடுத்தர வர்க்கத்தின் மீது கோலுக்கு அவ்வளவு பரிவு இல்லை.

புத்தகத்தின் கடைசிப் பகுதி நாடுகடத்தப்பட்டவர்களைப் பற்றியது; நாட்டுக்கு உள்ளேயே நாடுகடத்தப்பட்டவர்கள். 1927-இன் ஒரு சட்டம், அரசுக்கு ஒத்துவராத கறுப்பரை விசாரணை இல்லாமல் எங்கோ ஒரு மூலைக்கு அனுப்பி, காலவரையின்றி அங்கேயே இருக்கச் சொல்ல வழி செய்தது. பெரும்பாலும் கிராமத் தலைவர்களும் அரசின் நிலத் திட்டங்களை எதிர்த்தவர்களும் இதற்கு ஆளானார்கள். மாஃபெக்கிங் பகுதியின் வறண்ட நிலத்தில் இருந்த ஃப்ரெஞ்ச்டேல் முகாமுக்கு கோல் ரகசியமாகப் போனார். தகரக் குடிசைகள், வெட்டவெளி, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். முந்தைய அத்தியாயங்களில் எங்கும் கூட்டம். இங்கே ஆள் நடமாட்டமே அரிது. அந்த முகாமை வெளியுலகுக்குக் காட்டிய படங்கள் மிகக் குறைவு என்பதால் இப்பகுதி வரலாற்று ஆவணமாகவும் மதிப்புள்ளது.

1966-இல் சில்லறைத் திருட்டில் ஈடுபட்ட இளைஞர் கும்பல் ஒன்றை கோல் படமெடுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் பிடித்தது. ஆள்காட்டியாக மாறு, அல்லது சிறைக்குப் போ என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. யோசிக்க அவகாசம் பெற்றவர் நாட்டை விட்டே போக முடிவு செய்தார். பிரான்சின் லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை போவதாகச் சொல்லி மே மாதம் புறப்பட்டார். ஐரோப்பா வழியாக செப்டம்பரில் நியூயார்க் சேர்ந்தார். அதற்குப் பிறகு தாய்நாட்டை அவர் பார்க்கவில்லை.

நியூயார்க்கில் மேக்னம் என்ற புகைப்பட நிறுவனம் அவர் படங்களில் ஆர்வம் காட்டியது. புத்தகத்தின் வாசகங்களைத் தாமஸ் ஃப்ளாஹெர்ட்டியின் துணையோடு கோல் எழுதினார். ஜோஹானஸ்பர்க்கில் நியூயார்க் டைம்ஸ் நிருபராக இருந்து, 1966-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஜோசப் லெலிவெல்ட் முன்னுரை தந்தார். கோலின் படக்குறிப்புகளைப் படிக்காமல் தாண்டிவிடக் கூடாது. கூலி எவ்வளவு, அறையில் எத்தனை பேர், எந்த விதியின்படி கைது என்று வறண்ட தகவலாகவே அவை இருக்கும். இரக்கம் கேட்கும் தொனி கிடையாது. 1968-இல் தென்னாப்பிரிக்கா புத்தகத்தைத் தடை செய்தது. அந்நாட்டு அரசு அவருடைய பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்க மறுத்தது. இன அட்டையை மாற்றி வெளியேறியவர் நாடற்றவர் ஆனார்.

1967-இல் ஃபோர்டு அறக்கட்டளை அவருக்கு நிதி கொடுத்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களின் கிராமங்களிலும் வடக்கின் பெருநகரங்களிலும் கறுப்பர் வாழ்க்கையைப் பதிவு செய்வது திட்டம். ஆஃப்ரிக்காவில் பிறந்த ஒருவர், நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியைப் படமெடுக்கும் வேலை அது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளின் கொந்தளிப்பு முழுவதும் கோல் நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களிலும் தெற்கிலும் திரிந்துகொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் தனக்குக் கைது பயம்தான் இருந்தது, அமெரிக்கத் தெற்கிலோ சுட்டுவிடுவார்களோ என்ற பயம் இருந்தது என்று அவர் ஒப்பிட்டதும் பதிவாகியிருக்கிறது.

ஹார்லெமில் அவர் நிறையப் படங்களை வண்ணத்தில் எடுத்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கைகோத்துப் போகும் ஜோடிகள் அவர் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1949 முதல் இத்தகைய திருமணமே சட்டவிரோதமாக இருந்தது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆடம்பரமாக உடுத்திய இளைஞர்கள், தெருமுனைப் பிரசங்கிகள், படிக்கட்டில் அரட்டை அடிப்பவர்கள் என்று இப்படங்களில் ஒரு தளர்வு இருக்கிறது. கேமராவை ஒளிக்க வேண்டியதில்லை அல்லவா. ஆனால் பத்திரிகை ஆசிரியர்கள் அவரிடம் எதிர்பார்த்தது ஹவுஸ் ஆஃப் பாண்டேஜின் கடுமை. இவற்றில் கூர்மை இல்லை என்ற கருத்து எழுந்தது. கறுப்புத் துயரத்தின் நிபுணர் என்று ஒரு முத்திரை குத்தப்பட்ட பிறகு, அதற்கு வெளியே எதை எடுத்தாலும் சந்தை ஏற்கவில்லை. திட்டம் புத்தகமாகவில்லை.

1960-களின் முடிவிலும் 1970-களின் தொடக்கத்திலும் அவர் அடிக்கடி ஸ்வீடன் சென்று தங்கினார். அங்கே புகைப்படக்காரர்களின் ஆதரவு கிடைத்தது. ஆனால் 1970-களின் நடுவில் படமெடுப்பதே நின்றுபோனது. கேமராக்கள் கைவிட்டுப் போயின. நியூயார்க்கில் வீடின்றி, ரயில் நிலையத்தில் படுத்துறங்கிய காலமும் உண்டு. இதற்கிடையில் அவருடைய தென்னாப்பிரிக்கப் படங்கள் இனவொதுக்கலை எதிர்த்த இயக்கங்களின் வெளியீடுகளிலும் சுவரொட்டிகளிலும் உலகெங்கும் அச்சாகிக்கொண்டிருந்தன, பல வேளைகளில் எடுத்தவர் பெயர் இல்லாமல்.

1990 பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். அடுத்த வாரம் எர்னஸ்ட் கோல் நியூயார்க்கில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 49. அவருடைய தாய் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அருகில் இருந்தார்.

தடை செய்யப்பட்ட புத்தகம் அதற்குள் வேறொரு வேலையைச் செய்திருந்தது. கள்ளத்தனமாக உள்ளே வந்த பிரதிகளைப் பார்த்து அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டது. 1982-இல் ஒமர் பட்ஷா, பால் வைன்பெர்க் முதலியோர் தொடங்கிய ‘ஆஃப்ராபிக்ஸ்’ கூட்டமைப்பு, புகைப்படத்தைப் போராட்டத்தின் ஆயுதமாகவே கருதியது. சுரங்கங்களைத் தானும் விரிவாகப் படமெடுத்த வெள்ளையரான டேவிட் கோல்ட்பிளாட் கோலின் வேலையை உயர்வாக மதித்தவர்களில் ஒருவர். ஸ்வீடனின் ஹாசெல்பிளாட் அறக்கட்டளை தன்னிடம் இருந்த பிரிண்ட்களைக் கொண்டு 2010-இல் ஒரு பெரிய கண்காட்சியும் புத்தகமும் கொண்டுவந்தது. நெகட்டிவ்கள் மட்டும் தொலைந்துபோனதாகவே எல்லோரும் நம்பினார்கள்.

2017-இல் ஸ்டாக்ஹோமில் உள்ள ஒரு வங்கியிலிருந்து கோலின் குடும்பத்தாருக்குத் தகவல் வந்தது. பாதுகாப்புப் பெட்டகங்களில் 60,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள், குறிப்பேடுகள், தாள்கள் இருந்தன. அமெரிக்காவில் எடுத்தவை அவற்றில் பெரும்பகுதி. யார் கொண்டுவந்து வைத்தார்கள், இத்தனை ஆண்டுகள் வாடகை கட்டியது யார் என்பதற்குத் தெளிவான விளக்கம் தரப்படவில்லை. ராவுல் பெக் இந்தக் கதையை வைத்து எடுத்த ஆவணப்படம் 2024-இல் கான் விழாவில் ஆவணப்படங்களுக்கான விருதைப் பகிர்ந்துகொண்டது.

அப்பர்ச்சர் நிறுவனம் ஹவுஸ் ஆஃப் பாண்டேஜை 2022-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. முதல் பதிப்பில் சேராத ஒரு பகுதி அதில் கூடுதலாக இருக்கிறது. கறுப்பர்களின் இசை, நடனம், ஓவியம் முதலியவற்றைப் பற்றிய படங்கள் அவை. அமெரிக்கப் படங்கள் 2024-இல்தான் முதன்முறையாகத் தனிப் புத்தகமாயின. கோலை அறிய விரும்புபவர்கள் இணையத்தில் சுற்றும் ஐந்தாறு படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த இரண்டு புத்தகங்களையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.